பத்தாயிரத்துக்கும் ஒரே அளவு

பம்பு ஸெட்டின் ஓசையைக் கேட்டிராத கிராமம் தமிழ்நாட்டில் அநேகமாக இல்லை. அந்தப் பம்பை ஓட்டும் மோட்டாருக்குள்ளே விரற்கடைப் பருமனுள்ள எஃகுத் தண்டு ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது. தண்டைத் தாங்கும் பேரிங்கு தேய்ந்து போனால், உழவர் பக்கத்து ஊர்க் கடைக்குச் சென்று, பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைச் சொல்லிப் புதிய பேரிங்கு வாங்கி வருகிறார். மெக்கானிக் அதைத் தண்டில் மாட்டிவிடுகிறார். அன்று மாலையே வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது.

"மாட்டிவிடுகிறார்" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டோம். நேயர்கள் சற்று நின்று யோசிக்குமாறு வேண்டுகிறோம். தண்டைக் கடைந்தவர் கோயமுத்தூர்க்காரர். பேரிங்கைச் செய்தவர் வடநாட்டிலோ, ஸ்வீடன் தேசத்திலோ இருக்கலாம். ஒருவரையொருவர் கண்டதில்லை, கடிதம் எழுதிக்கொண்டதும் இல்லை. அப்படியிருந்தும் இவர் செய்த தண்டு அவர் செய்த துவாரத்துக்குள் சிக்கென்று போய் உட்காருகிறது. ஆட்டமும் இல்லை, அராவ வேண்டிய அவசியமும் இல்லை. 20 மில்லிமீட்டர் துவாரமுள்ள பேரிங்கு பொருந்தவேண்டுமானால், சாதாரணமாகக் கையாளப்படும் ஒரு விதியின்படி, தண்டின் விட்டம் 20.002 மில்லிமீட்டருக்குக் குறையவும் கூடாது, 20.015 மில்லிமீட்டருக்கு மிஞ்சவும் கூடாது. இடையில் இருப்பது 13 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் கனம் உள்ளது. ஆகவே, மயிரிழையை ஐந்தாகப் பிளந்தால் கிடைக்கும் ஒரு கூறுதான் அந்தக் கடைசல்காரருக்கு அளிக்கப்பட்டிருக்கும் சுதந்திரம். அந்தச் சுதந்திரத்துக்குள் ஒரு தண்டைக் கடைந்தால் அவரைக் கெட்டிக்காரர் என்போம். பத்தாயிரம் தண்டுகளைக் கடைந்தால் என்னவென்பது? கோயமுத்தூரிலும் ஓசூரிலும் சென்னையைச் சுற்றியுள்ள பேட்டைகளிலும் தினந்தோறும் நடந்துவரும் காரியம் அதுதான்.

ஷில்லிங் கனம்

இந்த நுட்பம் உலகில் வெகு காலமாக இருந்துவந்தது என்று யாரும் எண்ணவேண்டாம். ஜேம்ஸ் வாட் தமது நீராவி யந்திரத்துக்கு 1769-ல் காப்புரிமை பெற்றார். யோசனை முழுவதும் அவருடைய மனத்தில் தயாராயிருந்தது. ஆனால் அதற்கு வேண்டிய சிலிண்டரை வட்டமாகக் குடைந்து கொடுக்க இங்கிலாந்தில் ஆள் கிடைக்கவில்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நீராவி கசிந்துகொண்டேயிருந்தது. 1774-ல் ஜான் வில்கின்ஸன் என்ற இரும்பாலை முதலாளி பீரங்கிக் குழாய் குடைவதற்குப் புது வழி ஒன்று கண்டுபிடித்தார். அதையொட்டி அவர் அமைத்த யந்திரத்தால் வாட்டின் சிலிண்டர்களும் குடையப்பட்டன. 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்கு மிஞ்சிய பிழை இல்லை என்று வாட்டின் கூட்டாளியான போல்ட்டன் 1776-ல் பெருமையோடு எழுதினார். இன்று அத்தகைய சிலிண்டரை எந்தப் பட்டறை வாயிலிலும் இறக்கமாட்டார்கள். அன்றோ, உலகத்தையே மாற்றிய ஒரு புரட்சிக்கு அந்த ஷில்லிங் கனம் போதுமானதாயிருந்தது!

ஒன்றைச் சரியாகச் செய்வது ஒரு படி. ஒன்றே போல் பலவற்றைச் செய்வது அதற்கு அடுத்த படி. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டுதோறும் லட்சம் கப்பிகள் தேவைப்பட்டன. பாய்மரக் கப்பல்களில் கயிறு இழுக்கும் மரக் கப்பிகள். மார்க் பிரூனெல் யோசனை செய்ய, ஹென்றி மாட்ஸ்லே என்ற மகா தச்சர் 45 யந்திரங்களைச் செய்து கொடுத்தார். அவை போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலையைச் செய்யும். ஒன்று துளையிடும், இன்னொன்று பள்ளம் தோண்டும், மற்றொன்று வளைவு சீவும். 1808-ஆம் ஆண்டு வாக்கில் அவ்விடத்தில் வருஷத்துக்கு 1,30,000 கப்பிகள் வெளிவந்தன. முன்பு 110 தேர்ந்த தொழிலாளிகள் செய்த வேலையை, தொழில் தெரியாத 10 பேர் அங்கே செய்தார்கள். மீதி 100 பேர் என்ன ஆனார்கள்? சரித்திரப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை. பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் கணக்கும் சேர்த்துப் போதிக்க நேர்ந்த நமக்கு, 110-லிருந்து 10-ஐக் கழிக்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு வந்தது தானாக இயங்கும் கடைசல் யந்திரம். அமெரிக்காவில் கிறிஸ்டபர் ஸ்பென்ஸர் என்பவர் 1873-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். திருகாணி கடையும் யந்திரம் அது. அதன் அடியில் ஓர் உருளை மெதுவாகச் சுழலும். உருளையின்மேல் மேடும் பள்ளமுமாகப் பட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். மேடு வரும்போது வெட்டுளி முன்னால் நகரும். பள்ளம் வரும்போது பின்வாங்கும். அந்த உருளைக்கு "மூளைச் சக்கரம்" என்று பெயர் ஏற்பட்டது. பெயர் பொருத்தமானதே. ஆனால் அந்த மூளைக்கு ஒரே ஒரு பாடந்தான் தெரியும். வேறு திருகாணி வேண்டுமானால் பட்டைகளைக் கழற்றிவிட்டு வேறு பட்டைகளைச் செதுக்கி மாட்டவேண்டும். ஆகையால் லட்சக்கணக்கில் தேவைப்படும் சாமான்களுக்கே அது கட்டுப்படியாகும். இந்த நிலைமை ஏறக்குறைய நூறு ஆண்டு காலம் நீடித்தது.

எண்களை வாசித்த மூவர்

இனி நாம் சொல்லப்போகும் கதை விசித்திரமானது. பத்தாயிரம் சாமான்களை ஒரே மாதிரி செய்வதற்கு இன்று உலகமெங்கும் பயன்படும் யந்திரம், அந்த நோக்கத்துடன் பிறக்கவேயில்லை. மிகவும் சிக்கலான சாமான் ஒன்றைச் சரியாகச் செய்யவேண்டும் என்ற கவலையிலிருந்து அது பிறந்தது.

அமெரிக்காவில் மிச்சிகன் ராஜ்யத்தில் டிராவர்ஸ் நகரம் என்று ஓர் ஊர். அங்கே ஜான் பார்ஸன்ஸ் என்பவர், ஹெலிகாப்டரின் தலைமேல் சுழலும் இறக்கைகளைச் செய்து கொடுத்துவந்தார். அவர் கல்லூரியில் பட்டம் பெற்றவர் அல்லர். தகப்பனாரின் தொழிற்சாலையில் கற்றதுதான் அவருடைய கல்வி. இறக்கையின் குறுக்கு வடிவம் மீன் உடலைப் போல் வளைந்து செல்லும். அந்த வளைவைக் குறிக்கப் பதினேழு புள்ளிகள் மட்டும் தரப்பட்டிருந்தன. நடுவிலுள்ள இடத்தை ஒருவர் வளைகோலை வைத்துக் கண்மதிப்பாக இணைக்கவேண்டும். பார்ஸன்ஸுக்கு இது பிடிக்கவில்லை. அவரிடம் வேலைக்கு வந்த பிராங்க் ஸ்ட்யூலன் என்ற எஞ்சினீயர், கணக்கப்பிள்ளைகள் சம்பளப் பட்டியல் போடுவதற்கு வைத்திருந்த துளை அட்டை யந்திரத்தைக் கொண்டு, பதினேழுக்குப் பதிலாக இருநூறு புள்ளிகளைக் கணக்கிட்டுக் கொடுத்தார்.

அப்புறம் அவர்கள் செய்ததை நினைத்தால் நமக்குச் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் உண்டாகிறது. வெட்டும் யந்திரத்தின் முன்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் தாளைப் பார்த்து எண்களை உரக்க வாசிப்பார். இரண்டாமவர் குறுக்குக் கைப்பிடியையும், மூன்றாமவர் நெடுக்குக் கைப்பிடியையும் அந்த எண்ணுக்குத் திருப்புவார்கள். அடுத்த எண். மீண்டும் திருப்புதல். ஒருவர் சொல்ல, இருவர் செய்ய, இரும்பின்மேல் வளைவு உருவாயிற்று. இந்த மூவரையும் விலக்கிவிட்டு, அட்டையே யந்திரத்தோடு நேரில் பேசினால் என்ன? பார்ஸன்ஸ் கேட்ட கேள்வி இவ்வளவுதான்.

அமெரிக்க விமானப்படை 1949-ல் இதற்குப் பணம் கொடுத்தது. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் பரிசோதனைச்சாலை உதவிக்கு அழைக்கப்பட்டது. 1952 செப்டம்பரில், துளையிட்ட காகித நாடா ஒன்று ஸின்ஸினாட்டியில் செய்யப்பட்ட பெரிய யந்திரத்தை ஆட்டிவைப்பதைக் கனவான்கள் கூடி நின்று பார்த்தார்கள். வெற்றிடக் குழாய்கள் நிறைந்த அலமாரிகள் பக்கத்தில் நின்றன. புகழில் பெரும்பகுதி கல்லூரிக்குச் சென்றது. பார்ஸன்ஸ் சற்று ஓரமாகிவிட்டார். ஆயினும் 1958-ல் காப்புரிமை அவர் பெயருக்கும் ஸ்ட்யூலன் பெயருக்கும் கிடைத்தது. 1985-ல் அமெரிக்க ராஜாங்கம் இருவருக்கும் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அளித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தாமதந்தான். இருந்தாலும் இருவரும் உயிரோடிருக்கும்போதே வந்தது.

1971-க்குப் பிறகு நகத்தளவு சில்லுக்குள் கணிப்பொறி அடங்கியதும் அலமாரிகள் மறைந்தன. காகித நாடாவும் போயிற்று. அப்படி உண்டானவைதான் ஸி. என். ஸி. யந்திரங்கள். கணிப்பொறி எண்களைப் படித்து யந்திரத்தை ஆளுகிறது என்பதே அந்த மூன்று எழுத்துக்களின் தாத்பரியம். ஸ்பென்ஸரின் மூளைச் சக்கரத்தைப் போலன்றி, இந்த மூளைக்கு எத்தனை பாடம் வேண்டுமானாலும் கற்பிக்கலாம்.

இதற்கு என்ன பிரயோஜனம், ஸார்?

பத்தாம் வகுப்பில் ஆயத்தொலைவுக் கணிதம் ஆரம்பிக்கும்போதெல்லாம் கடைசிப் பெஞ்சியிலிருந்து இந்தக் கேள்வி தவறாமல் எழும். பிரெஞ்சு ஞானி டெகார்ட் 1637-ல் வெளியிட்ட சங்கதி அது. ஒரு புள்ளியை இரண்டு எண்களால் குறித்துவிடலாம். இதற்குப் பிரயோஜனம் என்னவென்று கேட்கும் பிள்ளைகளை, முடியுமானால், ஒரு ஸி. என். ஸி. லேத்தின் முன் கொண்டுபோய் நிறுத்துவோம். அதன் திரையில் இப்படி ஒரு வரி ஓடும்: ஜி 01, எக்ஸ் 20, இஸட் மைனஸ் 35, எஃப் 0.15. நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போ. விட்டம் 20 மில்லிமீட்டர் இருக்கட்டும். முகப்பிலிருந்து 35 மில்லிமீட்டர் உள்ளே சென்று நில். தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் 0.15 மில்லிமீட்டர் நகர். இதுதான் அதன் பொருள். தண்டு நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுமானால், இந்த வேலை ஐந்து வினாடிக்குள் முடிந்துவிடும். வளைவு வேண்டுமானால் ஜி 02, ஜி 03. வெட்டாமல் வேகமாக நகர ஜி 00. நூறு நூற்றைம்பது வரிகளில் ஒரு சாமான் முழுவதும் அடங்கிவிடுகிறது.

வெட்டுளி சொன்ன இடத்துக்குத்தான் போயிற்று என்பதற்கு என்ன அத்தாட்சி? உளியைத் தாங்கும் மேடையை ஒரு திருகுத் தண்டு நகர்த்துகிறது. திருகுக்கும் மரைக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருண்டோடுவதால் உராய்வு குறைவு, ஆட்டம் இல்லை. அந்தத் திருகைச் சுற்றும் மோட்டாரின் வாலில் நுண்ணிய கோடுகள் போட்ட வட்டத்தகடு ஒன்று இருக்கிறது. தகடு சுழலும்போது ஒளி விட்டுவிட்டுத் தெரியும். கணிப்பொறி அந்தத் துடிப்புகளை எண்ணிக்கொண்டேயிருக்கும். போகச் சொன்ன இடம் எது, போயிருக்கும் இடம் எது என்று வினாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஒப்பிட்டு வித்தியாசத்தைத் திருத்தும். பார்ஸன்ஸின் மூவரும் இப்போது பெட்டிக்குள் உட்கார்ந்து, கண் இமைக்காமல் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எண்ணிக்கை பெருகும்போது வேறொரு கணக்கு முன்வந்து நிற்கிறது. புதிய சாமான் ஒன்றுக்காக யந்திரத்தைத் தயார் செய்ய நான்கு மணி நேரம் பிடிக்கிறது என்று கொள்வோம். பத்துச் சாமான் மட்டும் வேண்டுமென்றால், தயாரிப்பு நேரம் ஒவ்வொன்றின் தலையிலும் 24 நிமிஷமாக விழும். பத்தாயிரம் என்றால் ஒன்றரை வினாடிகூட விழாது. பெருந்தொகையாகச் செய்வதில் உள்ள லாபத்தின் வேர் இங்கே இருக்கிறது. அடுத்தது, ஒரு சாமானுக்கு ஆகும் நேரம். 45 வினாடிக்கு ஒன்று வீதம், நாளொன்றுக்கு 22 மணி நேரம் யந்திரம் ஓடினால் 1,760 சாமான் கிடைக்கும். யாரோ ஒரு புத்திசாலி, உளி வெறுமனே நகரும் தூரத்தைக் கொஞ்சம் குறைத்து ஒரே ஒரு வினாடி மிச்சம் பிடித்தால் 1,800 கிடைக்கும். நாற்பது சாமான் இனாம்! ஆகவேதான் இந்தப் பட்டறைகளில் வினாடியை நகைக்கடைக்காரர் குன்றிமணியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

அப்படியானால் வேகத்தை இன்னும் கூட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கே உலோகம் தன் பதிலைச் சொல்லும். அமெரிக்கரான பிரடெரிக் டெய்லர் 26 வருஷ காலம், எட்டு லட்சம் பவுண்டு இரும்பையும் எஃகையும் சீவிச் சீவி இதை ஆராய்ந்து, 1906-ல் முடிவை வெளியிட்டார். வேகம் சிறிது ஏறினாலும் உளியின் ஆயுள் வெகுவாக இறங்கும். இக்காலத்துக் கார்பைடு உளியில், வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடக்கூடும். உளி மாற்றும்போது யந்திரம் நிற்கும். நின்றால் வினாடிகள் போகும். எந்த வேகத்தில் ஓட்டினால் இரண்டு நஷ்டமும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும் என்று பார்ப்பதே கெட்டிக்காரத்தனம். இதில் கழிவும் உண்டு. 25 மில்லிமீட்டர்க் கம்பியை 20 மில்லிமீட்டராகக் கடைந்தால், விலை கொடுத்து வாங்கிய எஃகில் 36 சதவிகிதம் சுருளாகத் தரையில் விழுகிறது. வட்டத்தின் பரப்புக்குச் சூத்திரம் தெரிந்த எந்தப் பையனும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

காலையும் நண்பகலும்

யந்திரத்துக்கு ஒரே எண்ணைக் கொடுத்தால் ஒரே சாமான்தானே வரவேண்டும்? வராது. எஃகு சூடேறினால் நீளும். அரை மீட்டர் நீளமுள்ள திருகுத் தண்டு 5 டிகிரி சூடேறினால் 28 மைக்ரான் நீண்டுவிடும். நமக்கு அனுமதித்திருக்கும் 13 மைக்ரான் எங்கே, இது எங்கே! ஆகையால் காலையில் குளிர்ந்திருக்கும் யந்திரம் கடையும் சாமானும் நண்பகலில் கடையும் சாமானும் உடன்பிறப்புகள்தாம். இரட்டைப் பிள்ளைகள் அல்ல. இதோடு உளி தேயத் தேயத் தண்டின் விட்டம் மெல்லப் பருத்துக்கொண்டே வரும்.

இந்த நகர்ச்சியைப் பிடிக்கும் வித்தையை வால்ட்டர் ஷூஹார்ட் என்ற விஞ்ஞானி 1924-ல் ஒரு சிறிய படத்தில் வரைந்து காட்டினார். மணிக்கு ஒரு தரம் ஐந்து சாமானை எடுத்து அளந்து, சராசரியை ஒரு தாளில் புள்ளியாக வை. புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறினால் கவலையில்லை, அது இயற்கை. ஒரே பக்கமாக ஏறிக்கொண்டு போனால் ஏதோ நடக்கிறது. சாமான் கெட்டுப்போவதற்கு முன்பே கையை வை. இதே ஷூஹார்ட், நாம் சுதந்திரம் அடைந்த சில மாதங்களுக்குள், மஹலநோபிஸ் அழைப்பின்பேரில் 1947-48-ல் இந்தியாவுக்கு வந்து, நாடெங்கும் சுற்றி முதலாளிகளிடமும் கணித நிபுணர்களிடமும் பேசினார் என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய சீடரான டெமிங் 1950-ல் ஜப்பானுக்குச் சென்றார். ஜப்பான் அந்தப் பாடத்தை உடனே பிடித்துக்கொண்டது. டெமிங் பெயரில் பரிசே ஏற்படுத்திவிட்டது. நம் தேசத்திலிருந்து முதன்முதலாக அந்தப் பரிசைப் பெற்றது சென்னையைச் சேர்ந்த ஸுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக்குப் பகுதி, ஆண்டு 1998. குருவானவர் நம் வீட்டுக்கு முதலில் வந்தும், பாடத்தை நாம் ஐம்பது ஆண்டு கழித்துத்தான் ஒப்பித்தோம்.

நம்மிடம் படித்த மாணாக்கர் ஒருவர் கோயமுத்தூரில் இத்தகைய பட்டறை ஒன்றில் ஸெட்டராக இருக்கிறார். புதிய சாமானுக்கு யந்திரத்தைத் தயார் செய்து கொடுப்பவருக்கு ஸெட்டர் என்று பெயர். சென்ற கோடை விடுமுறையில் அவருடைய பட்டறையைப் பார்த்தோம். எட்டு யந்திரங்கள், ஒவ்வொன்றும் கண்ணாடிச் சன்னல் வைத்த பெரிய பீரோவைப் போல் இருந்தது. உள்ளே பால் நிறத் திரவம் பீறிட்டு அடிக்க, அதன் நடுவே ஏதோ மின்னுவதுபோல் தண்டு சுழன்றது. எண்ணெய் வாசனை. பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. டிப்ளமாப் படித்த ஒரு பெண்ணும், ஒடியா பேசும் இரண்டு வாலிபர்களும் ஆளுக்கு இரண்டு மூன்று யந்திரம் வீதம் கவனித்துக்கொண்டார்கள். கதவு திறக்கும், சாமானை எடுத்து, வேறு கம்பியை வைத்து, பொத்தானை அமுக்குவார்கள், கதவு மூடிக்கொள்ளும்.

"இந்த வேலையைப் பழக எத்தனை நாளாகும்?" என்று கேட்டோம்.

"சாமான் வைக்கிறது, எடுக்கிறது, அளந்து பார்க்கிறது, இவ்வளவும் ஒரு வாரத்தில் பழகிவிடலாமுங்க, ஸார். ஸெட்டிங் பழக நாலைந்து வருஷம் ஆகுமுங்க. எங்கப்பா பழைய லேத்தில் இருந்தவருங்க. உளி மழுங்குகிற சத்தம் அவருக்குத் தூரத்தில் இருந்தாலே கேட்குமுங்க. எனக்கும் கேட்குதுங்க. இந்தப் பசங்க காதில் பாட்டை மாட்டிக்கொள்கிறார்கள்" என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது யந்திரத்தின் பக்கம் தலையைத் திருப்பினார். நமக்கு வித்தியாசமாக ஒன்றும் கேட்கவில்லை. அவர் போய் யந்திரத்தை நிறுத்தி, உளியின் நுனியைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினார். ஓரத்தில் கடுகில் பாதி அளவு உடைந்திருந்தது. அதற்குப் பிறகு கடைந்த ஆறு தண்டுகளைத் தேடி எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போட்டார். அந்த ஆறும் பார்வைக்கு அழகாகவே இருந்தன.

போர்ட்ஸ்மத்தின் 110-ம் 10-ம் மறுபடியும் நம் நினைவுக்கு வந்தன. இங்கே நடந்திருப்பது அதைவிடச் சிக்கலானது. கடைசல்காரர் என்ற ஒரு மனிதர் இரண்டாகப் பிரிந்திருக்கிறார். கை ஒருவரிடமும் கருத்து ஒருவரிடமும் போயிருக்கின்றன. கைக்குச் சம்பளம் குறைவு. கருத்துக்கு ஆள் கிடைப்பதில்லை. ஒரு வாரத்தில் பழகிக்கொண்டவர் நாலைந்து வருஷம் ஒரே யந்திரத்தின் முன் நின்றாலும், யாரேனும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாலொழிய, ஸெட்டர் ஆகிவிடுவதில்லை. வினாடியை எண்ணும் இடத்தில் சொல்லிக் கொடுக்க நேரம் ஏது? முதலாளிகள் தேர்ந்த ஆள் இல்லை என்று குறைப்படுகிறார்கள். குறை உண்மையே. தேர்ந்த ஆளைத் தேர்விப்பதற்கு நாளில் ஒரு மணி நேரம் யந்திரத்தை நிறுத்திவைப்பவர் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்கலாம்.

முதலாளி என்றதும் பெருஞ்செல்வர் என்று எண்ணிவிடக்கூடாது. இப்பட்டறைகளில் பல, குடும்பத்தின் நகையையும் நிலத்தையும் ஈடுவைத்து வாங்கிய யந்திரங்களால் நடப்பவை. பாங்கிக்குத் தவணை மாதம் தவறாமல் போகவேண்டும். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும் என்று 2006-ல் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது, ஆனால் பெரிய கம்பெனியின்மேல் வழக்குப் போட்டுவிட்டு மறுநாள் அதே கம்பெனியின் வாயிலில் ஆர்டர் கேட்டு நிற்க யாருக்கு மனம் வரும்?

மூளை யாருடையது?

அந்தப் பட்டறையின் எட்டு யந்திரங்களும் நம் தேசத்தில் செய்தவையே. 1953-ல் பெங்களூரில் ஸ்விட்ஸர்லாந்துக் கம்பெனி ஒன்றின் உதவியோடு ஹெச். எம். டி. தொழிற்சாலையைச் சர்க்கார் தொடங்கியபோது விதைத்த விதை அது. கோயமுத்தூர் லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் போன்ற ஸ்தாபனங்களும் இத்துறையில் நல்ல பெயர் பெற்றிருக்கின்றன. உடம்பு நம்முடையது என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் திரைக்குப் பின்னால் இருக்கும் மூளை? அது பெரும்பாலும் ஜப்பானுடையது, அல்லது ஜெர்மனியுடையது.

ஜப்பானில் 1956-ல் புஜித்ஸு கம்பெனியில் இனாபா என்ற எஞ்சினீயரின் தலைமையில் இந்த ஆராய்ச்சி தொடங்கியது. 1972-ல் அது பானுக் என்ற தனிக் கம்பெனியாயிற்று. பூஜி மலையின் அடிவாரத்தில், ஓஷினோ என்ற கிராமத்தில், மஞ்சள் வர்ணம் பூசிய அதன் ஆலைகள் நிற்கின்றன. உலகெங்கும் உள்ள பட்டறைகளுக்கு அங்கிருந்து மூளைகள் செல்கின்றன. யுத்தத்தில் தோற்று, நகரங்கள் சாம்பலாகிப் பதினோரு ஆண்டுகூட நிரம்பாத தேசம் அந்த ஆராய்ச்சியைத் தொடங்கியது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

வாங்கிக்கொண்டால் போகிறது, இதில் என்ன கஷ்டம் என்பாரும் உண்டு. 1987-ல் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்டுவோம். ஜப்பானிய தோஷிபா குழுமத்தைச் சேர்ந்த கம்பெனி ஒன்று, ஒரே சமயத்தில் ஒன்பது அச்சுகளில் இயங்கும் பெரிய யந்திரங்களைச் சோவியத் ருஷியாவுக்கு விற்றிருந்தது. நார்வேயின் கோங்ஸ்பர்க் கம்பெனி அவற்றுக்கு மூளை கொடுத்தது. கப்பல் விசிறிகளை மிக வழுவழுப்பாக வெட்டும் யந்திரங்கள் அவை. அவற்றால் ருஷிய நீர்மூழ்கிகளின் சத்தம் அடங்கிவிட்டது என்று அமெரிக்கா குமுறியது. அமெரிக்கச் சட்டசபை அங்கத்தினர் சிலர் சபையின் முற்றத்தில் தோஷிபா ரேடியோ ஒன்றைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். தோஷிபாவின் தலைவர்கள் ராஜிநாமாச் செய்தார்கள். அதாவது, இரும்பு வெட்டும் யந்திரம் என்பது ராஜதந்திரிகள் பூட்டிவைக்கும் சாமான்களில் ஒன்று. 1998-ல் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது நம் தேசத்தின்மீதும் அமெரிக்கா தடைகள் விதித்தது. இத்தகைய சாமான்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் வாஸெனார் உடன்பாடு 1996-ல் ஏற்பட்டது. 2017-ல் இந்தியாவும் அதில் சேர்ந்துகொண்டது. பூட்டுக்கு வெளியே நின்றிருந்த நாம் இப்போது உள்ளே வந்திருக்கிறோம். சாவி செய்யக் கற்றோமா என்பது வேறு விஷயம். பம்புத் தண்டு கடையும் இரண்டு அச்சு லேத்துக்கு எவரும் தடை போடமாட்டார்கள். ஐந்து அச்சுகள் ஒன்றாக அசைந்து டர்பைன் இறக்கையை வெட்டும் யந்திரத்துக்குத்தான் கேள்விகள் வரும். அந்த மூளையை இங்கேயே செய்ய முயலும் எஞ்சினீயர்கள் நம்மிடம் இல்லாமலில்லை. அவர்கள் செய்ததை முதலில் வாங்கி ஓட்டிப் பார்க்கும் துணிவு, தவணை கட்டும் சிறு முதலாளியிடம் எதிர்பார்க்கக் கூடியதன்று. அது பெரியவர்களும் சர்க்காரும் ஏற்கவேண்டிய பாரம்.

இதற்குள் இன்னொரு மாறுதலும் வந்துகொண்டிருக்கிறது. பாட்டரியால் ஓடும் வாகனத்தில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கிராங்குத் தண்டும் இல்லை. அவற்றையே நம்பித் தவணைக்கு யந்திரம் வாங்கியவர்கள் வண்டிக் கம்பெனிகளின் விளம்பரங்களை வேறு கண்ணோடு படிக்கிறார்கள். பம்புத் தண்டு கடைபவர்களுக்கு அவ்வளவு பயமில்லை. பாட்டரி வண்டிக்கும் மோட்டார் வேண்டும். மோட்டாருக்குத் தண்டு வேண்டும். நம் மாணாக்கரின் பட்டறைக்கு, பாட்டரி ஸ்கூட்டர் மோட்டாருக்கான தண்டு ஒன்றின் வரைபடம் மாதிரிக்காக வந்திருந்தது. ஐந்நூறு தண்டு செய்து அனுப்பவேண்டும். தேறினால் மாதம் பத்தாயிரம். பேரிங்கு உட்காரும் இடத்தில் இதற்கு அனுமதித்திருப்பது 9 மைக்ரான். வரைபடத்தை மேஜைமேல் விரித்து, அந்த எண்ணைப் பென்ஸிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். திங்கட்கிழமை ஸெட்டிங் ஆரம்பிப்பதாகவும், அதற்குத் துணையாக அந்த டிப்ளமாப் பெண்ணை நிறுத்திக்கொள்ள முதலாளியிடம் கேட்டிருப்பதாகவும் சொன்னார்.